மூன்றாம் பக்கம், ஐந்தாவது வரி

பாலையடிக்குளம் விவசாயிகள் அரிசி ஆலைக் கம்பனி,
விசுவமடு.
05.04.1982

மதிப்புக்குரிய அப்புத்துரை ஐயா அவர்களுக்கு,

உங்கள் கோபம் இன்னும் ஆறியிருக்காது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள் கணக்கறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் எழும்பி, "ஐயா, இது யாருக்கு எழுதினதுங்க?" என்று கேட்டேன். நீங்கள் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். நூற்றைம்பது பேருக்குச் சமைத்த ராக்காயி அக்கா, கறியில் என்ன குறை என்று இன்றைக்கும் என்னைத்தான் கேட்கிறார்.

நூற்றைம்பது பேருக்கு முன்னால் கேட்டது பிழை. அதற்கு மன்னியுங்கள். கேள்வி பிழை என்று மட்டும் என் வாயால் வராது.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மறுநாள் காலையில் மாயாண்டி அண்ணன் தன் பத்துப் பங்கையும் வவுனியாக் கடை முதலாளி வீரகத்தியின் ஆளுக்கு விற்றுவிட்டார். நூறு ரூபாய்ப் பங்கு ஐம்பதுக்கு. ஏன் என்று கேட்டேன். உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை எடுத்து நீட்டினார். அதில் இடப்பக்கம் வங்கிக் கடன் 85,000. அதற்கு மேலேயே பங்கு மூலதனம் 60,000. "கடன் போட்ட பக்கத்துலயே நம்ம காசையும் போட்டிருக்காங்க. தோட்டத்துல கடனோட பொறந்தேன். இங்கயும் கடனோட சாகணுமா?" என்றார். அதே மாதிரி நினைத்து இதுவரைக்கும் நூற்றுநாற்பது பங்கு கைமாறிவிட்டது.

ஐயா, எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில் அடிபட்டு மலையிலிருந்து வந்த எங்கள் சனத்துக்குக் காணி உறுதிப் பத்திரம் இல்லை. பாதிப் பேருக்குப் பிரஜாவுரிமைகூட இல்லை. தன் பேர் எழுதி, இது உன்னுடையது என்று சொல்கிற ஒரே கடதாசி இந்த மில்லின் பங்குப் பத்திரம்தான். அதைத்தான் பாதி விலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பனி நட்டம், மில்லைத் தனக்கு விற்றுவிட வேண்டும் என்று முதலாளி விசேஷ கூட்டம் கேட்டிருக்கிறார். மே முப்பதாம் திகதி. அறுநூறு பங்கில் முந்நூற்றொன்று அவர் கைக்குப் போனால் மில் போய்விடும். அதற்கு முன் எங்கள் ஆட்கள் வாசித்து விளங்கக்கூடிய அறிக்கை ஒன்று வேண்டும். எழுதித் தருவீர்களா?

இப்படிக்கு,
சிவலட்சுமி,
செயலாளர்.

*

வவுனியா.
12.04.1982

செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கறியில் குறையில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். மணம் பஸ் நிற்குமிடம்வரை வந்தது. பரந்தன் சந்தியில் ஒரு காய்ந்த பணிசும் வெறுந்தேநீரும்தான் அன்று எனக்குக் கிடைத்தது.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கணக்காளன். கொழும்பில் வெள்ளைக்காரக் கம்பனியில் பழகியவன். என் ஐந்தொகையில் ஒரு சதம் பிழை என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. அதைச் சபையில் வைத்து யாருக்கு எழுதியது என்று கேட்டால் எந்த மனிதனுக்கு ரோசம் வராது?

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அது கம்பனிப் பதிவாளருக்கும் வங்கி முகாமையாளருக்கும் எழுதியது. மாயாண்டிக்கு எழுதியதல்ல. பங்கு மூலதனம் இடப்பக்கம்தான் வரும். லண்டனிலும் அப்படித்தான், விசுவமடுவிலும் அப்படித்தான். கம்பனி வேறு, பங்காளர் வேறு. பங்காளர் போட்ட காசைக் கம்பனி என்றைக்கோ அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அது அவர்கள் பட்ட கடன் அல்ல. கம்பனி அவர்களுக்குப் பட்டிருக்கிற கடன். முதலாம் வருட மாணவனுக்கே இது தெரியும்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஐந்தொகையை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. மனமும் இல்லை.

அப்புத்துரை.

*

விசுவமடு.
17.04.1982

ஐயா அவர்களுக்கு,

புதுவருட வாழ்த்து. கடிதத்தில் வாழ்த்து இருக்குமென்று தேடினேன். முதலாம் வருட மாணவன்தான் இருந்தான்.

ஆனால் அதற்குள் ஒரு வரி இருந்தது பாருங்கள். கம்பனி அவர்களுக்குப் பட்டிருக்கிற கடன். அதை மில் வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். சாக்குத் தைக்கிற மூக்கன் அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். "அப்ப கம்பெனிதான் எனக்குக் கடங்காரனா?" என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். அவரிடம் பதினைந்து பங்கு இருக்கிறது. அடுத்த நாள் விற்பதாக இருந்தார், நிறுத்திவிட்டார். இந்த ஒரு வரியை மூன்று வருடமாக எங்கே வைத்திருந்தீர்கள்?

வாசிக்கத் தெரியாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குச் சுட்டது. என் அப்பா முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். சம்பள நாளில் ஒரு துண்டு கொடுப்பார்கள். அரிசிக்குப் பிடித்தது, கம்பளிக்குப் பிடித்தது, முன்பணத்துக்குப் பிடித்தது. மிச்சம் என்ற இடத்தில் பெரும்பாலும் கோடுதான் இருக்கும். அந்தத் துண்டை வாசிக்கத்தான் நான் படித்தேன். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் அது விளங்கவில்லை. விளங்கக்கூடாது என்று எழுதியது எப்படி விளங்கும்? கணக்குத்தாளில் கழித்த எந்தத் தொகையைக் கண்டாலும் தன்னிடமிருந்து பிடித்தது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். உங்கள் பெறுமானத் தேய்வு 12,000 ரூபாயையும் யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் ஊரே பேசுகிறது.

நீங்கள் எழுதமாட்டீர்கள் என்றால் நான் எழுதுகிறேன். இரண்டு பக்கம் இத்துடன் இருக்கிறது. நூறு மூடை அரிசி விற்றால் நெல் தந்தவர்களுக்கு எழுபத்தொரு மூடை போகிறது, கூலிக்குப் பதினொன்று, டீசலுக்கும் பழுதுக்கும் ஒன்பது, வங்கி வட்டிக்கு ஐந்து. மிச்சம் நாலு மூடை. அதாவது 9,400 ரூபாய் இலாபம். எங்கே நட்டம்? பார்த்துக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

சிவலட்சுமி.

*

வவுனியா.
24.04.1982

சிவலட்சுமி அவர்களுக்கு,

வாழ்த்து எழுதாதது என் பிழை. உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் என் வாழ்த்துகள்.

உங்கள் இரண்டு பக்கத்தையும் நாலுமுறை வாசித்தேன். உண்மையைச் சொன்னால் முதல்முறை பொறாமைதான் வந்தது. என் மனைவி அடுப்படியில் நின்றபடியே வாசித்து, "இவ்வளவு நாளும் உங்கடை கணக்கு ஒண்டும் எனக்கு விளங்கினதில்லை, இது விளங்குது" என்றா.

இருந்தும் கையெழுத்து வைக்கமாட்டேன். தேய்வை அப்படியே விட்டுவிட்டீர்கள். மறந்து விடவில்லை, சனம் பயப்படுகிறது என்று தெரிந்தே விட்டிருக்கிறீர்கள். அந்த இயந்திரம் 1,20,000 ரூபாய். பத்து வருடம் ஓடும். வருடத்துக்கு 12,000 ரூபாய்க்கு அது தேய்கிறது. நீங்கள் ஒதுக்கினாலும் தேயும், ஒதுக்காவிட்டாலும் தேயும். 9,400 ரூபாயை இலாபம் என்று சொன்னால் பங்காளர் பிரித்துத் தா என்பார்கள். பிரித்துக் கொடுப்பீர்கள். பிறகு ஒரு நாள் இயந்திரம் நிற்கும், கையில் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு வீரகத்தி ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்கமாட்டார்.

உங்கள் தகப்பனாரின் துண்டைப் பற்றி எழுதினீர்கள். மனம் வருந்தினேன். விளங்காமல் எழுதுவது அநியாயம்தான். ஆனால் இனிப்பானதை மட்டும் விளங்க எழுதுவதும் அதே அநியாயம்தான். இதைச் சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறதென்று நினைக்கிறேன்.

அப்புத்துரை.

*

விசுவமடு.
01.05.1982

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு நாள் உங்களைத் திட்டினேன். மூன்றாம் நாள் நீங்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. தேய்வைச் சொல்ல எனக்குப் பயம். சொன்னால் இன்னும் பத்துப் பேர் விற்றுவிடுவார்கள் என்று பயம். என் சனத்தை நானே வாசிக்கத் தெரியாதவர்களாக நடத்திவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ராக்காயி அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். இயந்திரம் பத்து வருடத்தில் தேய்ந்துபோகும், புதிது வாங்க வருடா வருடம் ஒதுக்க வேண்டும், நாலு மூடை மிஞ்சுகிறது, ஐந்து மூடைக்கு மேல் ஒதுக்க வேண்டியிருக்கிறது, ஆகவே ஒரு மூடைக்குக் கொஞ்சம் கூடவே குறைகிறது என்றேன். பயந்தாரா? இல்லை. சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் காட்டினார். வாங்கும்போது அலகு ஒரு சாண் நீளம், இப்போது நாலு விரல். "இதுக்கு இம்புட்டு நாள் பொத்திப் பொத்தி வச்சீங்களா? வண்டி மாடு வச்சிருக்கவனுக்கு அடுத்த சோடிக்கு ஒதுக்கத் தெரியாதா?" என்று என்னைத்தான் ஏசினார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார் ஐயா. "சரி, மூணு வருசமா ஒதுக்கின காசு இப்ப எங்க இருக்கு?"

அங்கேயே இருந்து கணக்குப் போட்டேன். மூன்று பன்னிரண்டு முப்பத்தாறாயிரம். நட்டம் வந்தாலும் அதில் பெரும்பகுதி எங்கேயாவது இருக்க வேண்டும். வங்கியில் 3,100 ரூபாய்தான் இருக்கிறது. அறிக்கையில் வலப்பக்கம் தேடினேன். "பல்வகைக் கடன்பட்டோர் 41,200" என்று ஒரே வரி. அரிசி வாங்கிவிட்டுக் காசு தராதவர்கள் என்று விளங்குகிறது. யார் யார்? விற்பனைப் பேரேடு உங்கள் கந்தோரில்தானே இருக்கிறது. பார்த்து எழுதுங்கள். முதலாளி கையில் இப்போது 262 பங்கு.

சிவலட்சுமி.

*

வவுனியா.
07.05.1982

அன்புள்ள சிவலட்சுமி அவர்களுக்கு,

ராக்காயி அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பேரேட்டில் பதினொரு பேர். மூன்று வருடமாக அந்தப் பதினொன்றையும் கூட்டி ஒரு வரியாக எழுதிவந்தவன் நான். கூட்டுத்தொகை ஒவ்வொரு வருடமும் சரி. அந்தப் பதினொன்றில் மூன்று வவுனியாக் கடைகள். ஒன்று வீரகத்தியின் பேரில், ஒன்று அவர் மனைவி பேரில், ஒன்று மருமகன் பேரில். மூன்றும் சேர்த்து 34,600 ரூபாய். உங்கள் அரிசியை விற்ற காசு அவர் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஐம்பது ரூபாயாக எடுத்து, அதாலேயே உங்கள் பங்குகளை வாங்குகிறார்.

அந்த மூன்று கடைக்கும் கணக்கெழுதுகிறவன் நான்தான். என் வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அது. மூன்று பேரையும் நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கூட்டுத்தொகை சரியாக வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவேன். யாருக்கு எழுதினது என்று நீங்கள் கேட்டபோது எனக்கு வந்த ரோசம் இப்போது என்மேலேயே திரும்பியிருக்கிறது.

வாடிக்கையாளர் பேரை வெளியிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அவருடைய கடைக் கணக்கிலிருந்து ஒரு எழுத்தும் எடுக்கமாட்டேன், அது துரோகம். ஆனால் இது கம்பனியின் பேரேடு. கம்பனிக்கு யார் காசு தரவேண்டும் என்று அறியக் கம்பனியின் சொந்தக்காரருக்கு உரிமை இருக்கிறது. அவரிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டேன். "உமக்குப் பைத்தியமே? நாளையிலை இருந்து என்ரை புத்தகம் ஒண்டும் உம்மடை கந்தோரிலை இருக்கக்கூடாது" என்றார். பின்னேரமே ஆள் வந்து எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான்.

பதிவாளருக்குப் பழைய ஐந்தொகை அப்படியே போகும். பங்காளருக்கு நான் புதிதாக எழுதுகிறேன். என்னென்ன அறிய விரும்புகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இந்த முறை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அப்புத்துரை.

*

விசுவமடு.
15.05.1982

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை ராக்காயி அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். "அந்த மனுசன் வந்தா ஆட்டுக்கறி ஆக்கிப் போடணும்" என்றார். எங்களால் உங்களுக்கு வந்த நட்டத்தை எப்படி ஈடு செய்வோம் என்றுதான் யோசிக்கிறேன்.

மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். குளத்துக்கு மேற்கே யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டிலும்தான். அவர்களுக்கும் அறிக்கை விளங்கவில்லையாம், கேட்க வெட்கமாம்! தவராசா மாஸ்டர்கூட, "எனக்கும் உந்த இடப்பக்கம் வலப்பக்கம் பிடிபடேல்லை, பிள்ளை" என்று கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

அவர்கள் கேட்டதில் சில. என் நூறு ரூபாய் இன்றைக்கு எவ்வளவு? வங்கிக் கடன் எப்போது முடியும்? நம் மில்லில் குத்தினால் லாபமா, வெளியே கொடுத்தால் லாபமா? இயந்திரத்துக்கு ஒதுக்கின காசு எங்கே? யார் நமக்குத் தரவேண்டும்? நாம் யாருக்குத் தரவேண்டும்? கடைசியாக மூக்கன் அண்ணன், மில்லில் எத்தனை வெறுஞ்சாக்கு இருக்கிறது என்று போடச் சொன்னார். அதற்கு என்ன அவசியம் என்று கேட்டேன். "நான் எண்ணி வச்சிருக்கேன். எழுதினது சரியான்னு அதை வச்சுத்தான் நான் பாக்க முடியும்" என்றார்.

கூட்டத்துக்கு நீங்களும் வரவேண்டும்.

சிவலட்சுமி.

*

வவுனியா.
24.05.1982

அன்புள்ள சிவலட்சுமி,

நாலு பக்கம், முந்நூறு பிரதி, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். றோணியோ அச்சு மை கையில் ஒட்டும், கவனம். முதல் பக்கத்தில் குறைகிற ஒரு மூடையை ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். உங்கள் மூடைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். உங்கள் பேரையும் என் பேரோடு போட்டிருக்கிறேன், மறுக்கக்கூடாது.

நான் வரமாட்டேன். கோபமில்லை. பக்கத்தில் நின்று நான் விளக்கினால்தான் விளங்கும் என்றால் அது அறிக்கையே இல்லை. தானாக நிற்கிறதா பார்ப்போம். சோதனை எழுதிய பிள்ளை மாதிரி இருக்கிறேன்.

அப்புத்துரை.

*

விசுவமடு.
31.05.1982

அன்புள்ள ஐயா,

நின்றது!

முதலாளி 287 பங்கோடு வந்தார். இன்னும் பதினாலு போதும் அவருக்கு. மூக்கன் அண்ணனிடம் பதினைந்து. ஒரு பங்குக்கு நூற்றிருபது தருவதாக முதலாளி முதல்நாள் அவரிடம் ஆள்விட்டிருக்கிறார். அண்ணன் என்னிடம்கூடச் சொல்லவில்லை, ராக்காயி அக்காதான் சொன்னார். மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு. அவர் என்ன செய்வார் என்று தெரியாமல் நான் மேடையில் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதலாளி எழும்பி, "உங்கடை கம்பனி நட்டத்திலை ஓடுது. நான் சொல்லேல்லை, கணக்குச் சொல்லுது" என்றார்.

பின்வரிசையில் மூக்கன் அண்ணன் எழும்பினார். தாள் கையில். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஐந்து நாள் மற்றவர்களை வாசிக்கவைத்து, எந்த வரியில் என்ன இருக்கிறது என்று விரலால் பழகியிருக்கிறார். அந்த விரலை வைத்துக்கொண்டே கேட்டார்: "மொதலாளி, மூணாம் பக்கம், அஞ்சாவது வரி. அதுல இருக்கிறது ஒங்க பேருதானுங்களே?"

சபையில் எல்லார் தாளும் ஒரே நேரத்தில் புரண்ட சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் ஐயா. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தலைகுனிந்து சம்பளத் துண்டை வாங்கின சனம், ஒரு முதலாளிக்கு முன்னால் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தது.

"வியாபாரம் எண்டா கடன் இருக்கும்தானே" என்றார் அவர். "அப்ப குடுத்துட்டுப் பேசுங்க" என்றார் ராக்காயி அக்கா. சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. விற்க 287, விற்கவேண்டாம் என்று 313. ஒரு பங்கும் பிசகவில்லை.

இன்னொன்று. குறைகிற மூடையை நிரப்ப, ஒரு புசல் நெல் குத்துகிற கூலியை இருபத்தைந்து சதம் கூட்டச் சொல்லிப் பங்காளர்களே தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூட்டினதைக் கட்டப்போகிறவர்களும் அவர்கள்தான். நட்டம் என்ற சொல்லை இப்போது கூச்சமில்லாமல் சொல்கிறார்கள்.

முதலாளி மூன்று தவணையில் கட்டுவதாக எழுதித் தந்திருக்கிறார். கைக்காசு போதாதாம், வாங்கின பங்குகளை அதே ஐம்பதுக்குத் திருப்பித் தருகிறாராம். மாயாண்டி அண்ணன் இரண்டு ஆட்டை விற்றுவிட்டு விடிந்ததிலிருந்து கந்தோர் வாசலில் நிற்கிறார். கம்பனி வாங்கலாமா?

சிவலட்சுமி.

*

வவுனியா.
09.06.1982

அன்புள்ள சிவலட்சுமி,

கம்பனி தன் பங்கைத் தானே வாங்கச் சட்டம் இடம் தராது. ஆட்கள் வாங்கலாம். மாயாண்டியை வெயிலில் நிறுத்தாமல் இன்றைக்கே பத்திரத்தை எழுதிக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் தாளை நீட்டினேன், மீதியை அவாதான் வாசித்தா. வங்கி முகாமையாளரும் ஒரு பிரதி கேட்டு வாங்கினார். பதிவாளருக்குப் போனதைவிட இதில்தான் அவருக்கு வேண்டியது இருக்கிறதாம்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் உண்மையில் இதை எழுதுகிறேன். காலையில் மூக்கன் என் கந்தோருக்கு வந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். உட்காரச் சொல்ல நான் வாய் திறக்குமுன் கதிரையை இழுத்து எனக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். நாலாம் பக்கத்தை விரித்து விரல் வைத்தார்.

"வெறுஞ்சாக்கு ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கீங்களாம். அது ஆயிரத்து நூத்தி நாலு. நான் தச்சு அடுக்கினவன்."

கையிருப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 1,104. எழுதும்போது இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் என் அறிக்கையில் ஒருவர் காட்டிய முதல் பிழை அது. இத்தனை வருடமும் எவரும் பிழை சொல்லாததை என் கெட்டித்தனம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். எவரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு முன்னாலேயே திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். அவர் தாளை வாங்கி, விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்தார்.

"எனக்கு மட்டும் திருத்தினா போதாதுங்க. எல்லாத்துக்கும் திருத்தி அனுப்புங்க. நம்ம கம்பெனி கணக்கு" என்றார்.

முந்நூறு திருத்தத் தாள் இத்துடன் வருகிறது. இத்தனை சந்தோஷத்தோடு நான் எந்தக் கணக்கிலும் கையெழுத்து வைத்ததில்லை.

அப்புத்துரை.